கரும்புகை வளர்ப்போர் கவனத்துக்கு

நல்ல கரும்புகை ஒரே நாளில் வந்துவிடாது. பழைய வண்டி ஒன்று வேண்டும். அதைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் நண்பர்கள் வேண்டும். எதையும் கடைசிவரை திறந்து பார்க்காத சொந்தக்காரர் வேண்டும். மூன்றும் எனக்கு வாய்த்தன. மாமனார் தந்த 1994-ம் வருடத்துப் புல்லட் 350-ஐத் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் ஐந்து வருடம் புகையவிட்ட அனுபவத்தில் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். உங்களுடையது வேறு வண்டியானாலும் பாதகமில்லை, கார்புரேட்டர் இருந்தால் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவை பெட்ரோலை அளந்து ஊசி போட்டுக்கொள்ளும் ரகம். புகைக்குழாயிலேயே ஆக்சிஜனை மோப்பம் பிடிக்க ஒரு மூக்கு வேறு வைத்திருக்கும். அதனிடம் நம் கைவரிசை செல்லாது.

வண்டி நிறுத்த இடம் பார்ப்பதில் தொடங்குவோம். சைலன்சரின் வாய் வாசல் கோலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காலையில் உதைத்து, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் கோலத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படியும். "கோலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு" என்று நான் சொல்லிப் பார்த்தேன். மனைவி சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மாமா தன் வெள்ளை வேட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்தது முக்கியம்: புகையின் நிறத்தைப் பார்த்துவிடாதீர்கள். அது உண்மையைச் சொல்லிவிடும். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல், காற்று குறைச்சல். மெக்கானிக் பாஷையில் 'மிக்சர் ரிச்சா இருக்கு'. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து தானே நின்றுபோனால் வெறும் நீராவி. இத்தனை சுலபமாக இருப்பதால்தான் இதை யாரும் நம்புவதில்லை. டீக்கடை பெஞ்சில் எந்த நிறத்தைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "ரிங் போயிடுச்சு." நானும் நம்பி எஞ்சினைப் பிரித்தேன். ரிங் நன்றாகவே இருந்தது. திரும்பப் பூட்டியபோது டேப்பெட் சத்தம் மட்டும் இலவச இணைப்பாகக் கிடைத்தது.

ஏர் பில்டர் பக்கம் போகவே வேண்டாம். கணக்குப் போட்டால் தலை சுற்றும். பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. கோடையில் நம் தெருவுக்கு வருமே தண்ணீர் லாரி, அந்த அளவு. இத்தனையும் புழுதியை வடிகட்டிக்கொண்டு ஒரு சின்ன பில்டர் வழியாக நுழைய வேண்டும். அதை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் எஞ்சின் மூக்கடைத்த குழந்தைபோல் வாயால் மூச்சு வாங்கும், பெட்ரோல் மட்டும் தாராளமாக இறங்கும். சிலர் அவசரப்பட்டு பில்டரையே கழற்றி எறிவார்கள். புகை குறையும், பிக்கப் கூடினாற்போல் இருக்கும். பிறகு ரோட்டுப் புழுதி நேராக உள்ளே போய் சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அப்போது டீக்கடையில் சொன்னது பலித்துவிடும்: ரிங் போகும்.

இனி ஸ்க்ரூ. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பித்தளை ஏர் ஸ்க்ரூ இருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதைத் திருகப் பிறப்புரிமை உண்டு. என் வண்டியைப் பார்க்க வந்த மச்சான் கால் சுற்று திருகினான். மாடியில் குடியிருந்த பேங்க்காரர் அரைச் சுற்று திருகிவிட்டு, காதைச் சாய்த்து, "இப்ப கேளுங்க" என்றார். கேட்டேன். முன்பு கேட்டதுதான் கேட்டது. யாரும் எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. நீங்களும் எண்ணாதீர்கள். எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு, ஸ்க்ரூவை இறுக்காமல் மெதுவாக முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஐட்லிங் எங்கே சீராக உயர்கிறதோ அங்கே நிறுத்துவது என்றொரு முறை உண்டு. அதைப் பின்பற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?

என் விஷயத்தில் ஓர் அதிசயம். அந்த ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் மூடினாலும் ஐட்லிங்கில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்ரோல் வேறு ஏதோ வழியாக இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நான் அதை வண்டியின் மன உறுதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போங்கள். அங்கே ஜெட், ஊசி, புளோட், கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும். ஜெட்டில் எண் பொறித்திருக்கும். எண் குறைந்தால் துளை சிறிது, பெட்ரோலும் குறையும். ஒரே நாளில் மெயின் ஜெட்டையும் மாற்றி, ஊசியின் கிளிப்பையும் ஒரு காடி மேலே ஏற்றி, புளோட் மட்டத்தையும் வளைத்துவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துபோகும் அபாயம் இருக்கிறது. நான் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். பீச் ரோட்டில் வேகம் எடுக்கும்போது வண்டி திணறியது, சைலன்சர் பட்டாசு வெடித்தது. வாசலில் நின்றால் பழையபடி கரும்புகை. ஓடும்போது பட்டினி, நிற்கும்போது அஜீரணம்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. முனை பால் கூடின காபி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. காய்ந்த அடுப்புக்கரி அப்பியிருந்தால் ரிச். பார்த்தவுடன் உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டிவிடுங்கள். ஜாதகத்தை அழித்துவிட்டால் தோஷம் கிடையாது.

மைலேஜ் குறைந்தால் பெட்ரோல் பங்க்கை மாற்றுங்கள். அந்த பங்க்கிலும் குறைந்தால் அடுத்தது. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பார்க்காதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அந்த வாசனை மனதைக் கெடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். மூடிய ஷெட்டிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ வண்டியை ஓடவிட்டு டியூன் செய்யாதீர்கள். கண்ணெரிச்சல் தரும் கரும்புகையாவது தன்னைக் காட்டிக்கொள்கிறது. அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலியை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பிடித்துக்கொள்ளும். மிக்சர் ரிச்சாக ஆக இந்த வாயுவும் கூடும். கதவைத் திறந்து, வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வேலை பாருங்கள்.

சரி, பொல்யூஷன் சர்டிபிகேட். இதில் சர்க்கார் பழைய வண்டிகளிடம் தாத்தா பாட்டியிடம் நடந்துகொள்வதுபோல் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறது. 2000 மார்ச் வரை செய்த இரு சக்கர வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை மன்னிப்பு உண்டு. அதற்கடுத்து வந்தவற்றுக்கு 3.5. சர்டிபிகேட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். டெஸ்ட் சென்டரில் என் சைலன்சருக்குள் குழாயைச் செருகியவர் திரையைப் பார்ப்பதற்கு முன்பே இருமி முடிவைச் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் நடுவே எனக்கு ஒரு பெருமை இருந்தது. மார்கழி விடியற்காலையில் தெருவில் மற்ற பழைய வண்டிகளெல்லாம் சோக் போட்டும் கிளம்பாமல் அடம்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதலாக ஊட்டத்தான் சோக். என் வண்டிக்கு அது தேவையே இல்லை. ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஓர் உதை, பட்டென்று பிடித்துக்கொள்ளும். பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வேன். சூடாக ஓட்டிவந்து நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் மட்டும் இருபது உதைக்கும் அசையாது. அதை யாரிடமும் சொல்வதில்லை.

போன மார்கழியில் புதுப்பேட்டையிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வேறு ஒரு வண்டியைப் பார்க்க எங்கள் சந்துக்கு வந்தார். அவரிடமும் என் ஒற்றை உதைப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, கார்புரேட்டரிலிருந்து சோக் தண்டை உருவினார். சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை, அடியில் ஒரு பொட்டு ரப்பர். சோக்கை மூடினால் இந்த ரப்பர்தான் பெட்ரோல் வரும் ஓட்டையில் உட்கார்ந்து அடைக்க வேண்டும். அது வயதாகிக் கல்லாய் இறுகி, வளையமாய்க் குழி விழுந்திருந்தது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமனார் காலத்து ரப்பரை நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"சோக்கே போட வேணாம்னு சொன்னீங்களே சார்," என்றார். "இது மூடினாத்தானே போடுறதுக்கு? அஞ்சு வருஷமா மார்கழிலயே ஓட்டியிருக்கீங்க."

புதுத் தண்டு போட்டார். நான் வளைத்த புளோட்டை நிமிர்த்தி, பழைய ஜெட்டையே திரும்ப மாட்டி, ஏர் ஸ்க்ரூவை மூடித் திறந்து ஒரு முறை காதைச் சாய்த்தார். வாங்கிய கூலியில் பாதிக்கு மேல் நான் செய்து வைத்ததைச் சரி செய்ததற்குத்தான்.

மறுநாள் காலை வண்டிக்கு சோக் போட வேண்டியிருந்தது. நாலு உதை. இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் நின்றது. மனைவி காபியோடு வாசலுக்கு வந்து கோலத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, பொட்டைக் காணோமே. வண்டி ரிப்பேரா?"