டாப் அப் இயல்: காரின் மறக்கப்பட்ட திரவங்கள் குறித்து ஓர் ஆய்வு

காருக்குள் ஓடும் திரவங்களிடையே மேல்கீழ் உண்டு என்பது இத்துறை அறிஞர்கள் ஒருமனதாக ஏற்ற கருத்து. இன்ஜின் ஆயிலுக்கு ராஜ மரியாதை: அடுத்து எந்தக் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று சீட்டெழுதி ஒட்டுவார்கள். அதற்கடுத்த இடம், விந்தையாக, கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு. பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில் மூன்றும் ‘பார்த்தாச்சு சார்’ என்பதோடு சரி.

இவ்வாய்வுக்கு மூலநூல் ஜாப் கார்டு. அதில் பிரேக் ஆயிலுக்கு நேரே காணும் ‘டாப் அப்’ என்ற பாடம் உரையாசிரியர்களைக் குழப்பியிருக்கிறது. டப்பாவில் அளவு குறைந்தால் கசிவு என்பது ஒரு சாரார் கொள்கை. அது இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. பிரேக் பேட் தேயத் தேய, காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து திரவம் இறங்குகிறது. பேடைக் கவனியுங்கள் என்று டப்பா சொல்லும் சேதி அது. அதன் வாயை அடைக்க இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு புதுப் பேட் மாட்ட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, ஊற்றியதெல்லாம் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரிக்கிறது.

அளவு வேறு, வயது வேறு. இதுவே இக்கட்டுரை நிறுவ முனையும் கோட்பாடு. கார்களில் பரவலாக உள்ள கிளைகால் வகை பிரேக் ஆயில், மழைக்காலத்து உப்பைப்போல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பின் விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு முறையே 230, 155. டப்பா மட்டும் என்றும் தளும்பாத நிறைகுடம். 2 ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்லும் கையேடு டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கிறது.

களஆய்வுக்கு உகந்த இடம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால், ஈரம் குடித்த திரவம் காலிப்பர் சூட்டில் கொதித்து ஆவியாகலாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. ஆய்வாளருக்கு நேரும் பெருங்கேடு, சான்று தானாகவே அழிந்துவிடுவது. சூடு தணிந்ததும் ஆவி திரவமாகி, பெடல் பழையபடி கெட்டிப்பட்டுவிடும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்து, ‘நல்லாத்தானே சார் இருக்கு’ என்பார்கள்.

கூலன்ட் வழக்கு எளியது. அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் நாளடைவில் தீர்ந்துபோகும். போர் தண்ணீரைக் கலந்தால் உப்பும் படியும். பச்சை, சிவப்பு நிறங்களை வைத்து வகையை முடிவுசெய்வது வீண். நிறத்துக்குப் பொது விதி கிடையாது.

கியர் ஆயிலைப் பார்த்தவர்கள் அரிது. பல மேனுவல் கார்களில் அதற்கு டிப்ஸ்டிக்கே இல்லை. நிரப்பும் துளை கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருப்பதால் காரைத் தூக்கினால்தான் தரிசனம்.

பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கும் எண்ணம் இருந்தது. மின்மோட்டார் ஸ்டீயரிங் பரவியதில், புதிய கார்களில் பெரும்பாலும் அந்த இனமே அற்றுப்போயிற்று. பழைய ஜாப் கார்டில் அதற்கான கட்டம் மட்டும் எஞ்சியிருக்க, சில ஒர்க்‌ஷாப்புகளில் அதிலும் டிக் விழுகிறது. அளவு சரியாக இருக்கிறதாம்.