எள்ளென்றால் ரீல்ஸ்

எண்ணெய் ஆட்டுகிறவனுக்கு வாய் தேவையில்லை என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தேன். சிவகிரிப் பக்கம் எங்கள் மரச்செக்கு. வருகிறவர்கள் கேனை நீட்டுவார்கள், நிரப்பிக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவேன். "நல்லா இருக்கீங்ளா?" என்றால் "ம்" என்பேன். அந்த "ம்" தான் எங்கள் விளம்பரத் துறை.

அக்கா மகன் வந்து கெடுத்தான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது சோறு இறங்காமல் கிடந்தவன். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்ததும் எழுந்து உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டவன். "இன்ஸ்டாவுல இல்லாத கடை, கடையே இல்லீங் மாமா" என்றான். நானே மூன்று மாதம் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் டின். டின்னின் மறுபக்கம். டின்னோடு என் கட்டைவிரல். (விரல் எல்லாப் படத்திலும் விழும். எப்படி விழுகிறதென்று எனக்கே புரிந்ததில்லை.) மொத்தம் நாலு லைக். அதில் ஒன்று நான் கைதவறி அழுத்தியது.

ஆள் வைத்தோம். விர்ச்சுவல் அசிஸ்டென்ட். தூத்துக்குடியில் தன் வீட்டில் இருந்தபடியே ஐந்தாறு கடைகளுக்குப் பதிவு போட்டுக் கொடுக்கும் பெண். அம்மாவுக்கு இதை விளக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

"ஆளு எங்கடா?"

"அவங்க ஊர்லம்மா."

"வேலை?"

"போன்ல."

"வேலைக்கு வந்த புள்ளைக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்க முடியாத வேலை என்ன வேலைடா?"

சம்பளத்துக்கு முன்னாலேயே இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் கூரியரில் போயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரு கேள்வித்தாள். உங்கள் பிராண்ட் ஒரு மனிதராக இருந்தால் எப்படிப் பேசும்? பேசாது என்று எழுதினேன். பிராண்டின் நிறம்? புண்ணாக்கு நிறம். வாடிக்கையாளர் மனதில் என்ன உணர்ச்சி எழ வேண்டும்? பழைய பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற உணர்ச்சி. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம் அந்தப் பெண். ஆனால் எண்ணெய் அப்படி அவசரமாக நிற்காதே. ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர். பக்குவம் பார்த்துக் கருப்பட்டி போட வேண்டும். ஆட்டியதை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட வேண்டும். எல்லாவற்றையும் போனில் சொல்லி முடித்தேன். "சரிண்ணே, மொத மூணு செகண்டுல என்ன நடக்கும்?" என்று கேட்டார். முதல் மூன்று செகண்டில் ஸ்விட்சைப் போடுவேன். "மாடு இல்லையாண்ணே?" இருக்கிறது, பால் கறக்கிறது. செக்கை ஓட்டுவது மோட்டார். குரல் சுருங்கிவிட்டது. கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிறது என்றதும்தான் உயிர் வந்தது. "எங்க பக்கத்துச் சரக்குல்லா!"

அந்த உற்சாகத்தில் என் பெயரில் எழுதிய முதல் பதிவு: "ஏல மக்கா, எண்ணெய் வந்தாச்சுல்லா!" கொங்கு நாட்டில், என் வாயில். ஈரோட்டுக்காரர் ஒருவர், "எப்பங்க தின்னவேலிக்குக் குடி போனீங்க?" என்று கேட்டிருந்தார். உட்கார்ந்து "ங்க", "ங்", "ஏனுங்க" என்று எழுதி அனுப்பினேன். அதைப் பொடி உப்பு மாதிரி வைத்துக்கொண்டு எல்லாவற்றின் மேலும் தூவினார். "இனிய புத்தாண்டுங்க வாழ்த்துங்க" என்றுகூட வந்தது.

பிறகு மாதத்துக்கு முப்பது நாளுக்கும் ஓர் அட்டவணை. மே 23 உலக ஆமை தினமாம். ஆமைக்கும் எங்களுக்கும் என்ன அம்மிணி சம்பந்தம் என்றேன். "நிதானமா ஆட்டுன எண்ணெய்ன்னு போடலாம்ணே." பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னாள்: "எள்ளு காயறது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதுக்குடா காயுது?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை, "அண்ணன்மாருங்களே, இன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிங்க!" என்று வந்துவிட்டது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஊரே திரண்டு வந்து திருத்தியது. அதுவரை எந்தப் பதிவுக்கும் அவ்வளவு கூட்டம் இல்லை. மன்னிப்புக் கேட்பார் என்று போன் போட்டால், "வேணும்னேதாண்ணே தப்பாப் போட்டேன். ரீச் பாத்தீங்களா?" என்கிறார்.

பன்னிரண்டு பதிவை மொத்தமாக அனுப்பி "ஓகேவாண்ணே?" என்று கேட்பது வழக்கம். எள் ஏலத்தில் நின்றுகொண்டு பன்னிரண்டுக்கும் கட்டைவிரலைக் காட்டிவிடுவேன். படிக்கிறவன் யார்? அவை தேதி வைத்துத் தாமாகவே வெளியாகும் என்பதும் மறந்து போயிற்று. பெரியப்பா காலமாகி, கொடுமுடிக் காவிரியில் கையில் எள்ளும் தண்ணீருமாக நிற்கிறேன். கரையில் பங்காளிகள் வைத்திருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுங்கின. என் பதிவுதான். "எள்ளு இல்லாத விசேஷம் ஏதுங்க? கொண்டாடுங்க! இன்னிக்கு 10 சதவீதம் தள்ளுபடி!"

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் காவிரியைப் பார்த்தேன். ஈர வேட்டியோடு படியேறும்போது சித்தப்பா பக்கத்தில் வந்து, துக்கம் குறையாத குரலில், "அந்தப் பத்துப் பர்சண்ட்டு இன்னிக்கு மட்டுமா?" என்றார்.

வியாபாரம் ஏறியது, அதை மறைக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் காரில் வந்து இறங்கி "அந்தக் கலகலப்பான அண்ணன் எங்கீங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்புகிறேன்.

போன மாதம் தங்கை கல்யாணம் என்று அந்தப் பெண் நாலு நாள் லீவு. நானே ஒன்று போட்டேன். டின், கட்டைவிரல், "எண்ணெய் உள்ளது." ஐந்தே நிமிஷத்தில் ஒருவர் எழுதினார்: "அட்மினை மாத்திட்டீங்களா? பழைய ஆளுதாங்க அசல் செக்குக்காரர் மாதிரிப் பேசுவாரு."

என்ன பதில் சொல்வதென்று அரைமணி நேரம் யோசித்தேன். அதற்குள் தூத்துக்குடிக் கல்யாண மண்டபத்திலிருந்து, என் பெயரிலேயே, "ங்க" எல்லாம் சரியான இடத்தில் விழுந்து, பதில் வந்துவிட்டது:

"மன்னிச்சுக்குங்க. புதுப் பையனுங்க, இப்பத்தான் பழகறான்."