ஆர்.எஸ்.புரத்துச் சிங்கப்பூர் செர்ரி: பிரயோசனமின்மை பற்றிய ஓர் ஆய்வு

மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்களில் கிராப் ஆப்பிளுக்குத் தனி மரியாதை உண்டு. வசந்தத்தில் கிளை தெரியாமல் பூக்கும்; பிறகு கோலிக்குண்டு அளவில் காய்க்கும்; கடித்தால் முகம் கோணும். ஆனாலும் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதற்கும் சாதா ஆப்பிளுக்கும் தோட்டக்காரர்கள் வகுத்த எல்லை வெகு எளிது: பழம் 2 அங்குலத்துக்குள் இருந்தால் கிராப் ஆப்பிள், மீறினால் ஆப்பிள். இவ்வளவு வெளிப்படையான பாகுபாட்டை அறிவியலில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

இந்த மரம் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஏன் இல்லை என்பதே நம் முதல் வினா. விடை உடனே கிடைத்துவிடுவதால் ஆய்வாளருக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆப்பிள் இனத்து மொட்டு விழிக்க வேண்டுமானால் முதலில் ஒழுங்காகத் தூங்க வேண்டும். அதற்கு 7 டிகிரிக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் தேவை. கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையோ, மார்கழி விடியலில் வாக்கிங் போகிறவர் தலையில் மப்ளர் கட்டும் அளவுக்கே குளிரும். இமாசலத்துப் பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா சமவெளியிலும் காய்க்கும் எச்.ஆர்.எம்.என்-99 என்ற ரகத்தை உருவாக்கி 2025-ல் பத்மஸ்ரீ பெற்றது உண்மையே. ஆனால் அது தின்னக்கூடிய ஆப்பிள், விற்கவும் விற்கலாம். ஆகவே நம் ஆய்வெல்லைக்கு வெளியே.

அப்படியானால் கிராப் ஆப்பிளின் பதவியை இங்கே வகிப்பது எது? தகுதிகள் மூன்று: மரம் வாசலில் நிற்க வேண்டும், பழம் பொடியாக இருக்க வேண்டும், வீட்டுக்காரருக்குக் காசாக எதுவும் தரக் கூடாது. மூன்றாவது தகுதிதான் கொங்கு நாட்டில் கடினமானது. இங்கே மரத்தை அண்ணாந்து பார்த்தவுடன் யாருக்கும் வருகிற முதல் கேள்வி, "இதுனால என்னங்க பிரயோசனம்?" என்பது. தென்னைக்குக் காய்க்கணக்கு. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்து வெள்வேலுக்கு, உதிர்ந்த நெற்றைத் தின்று தேறிய ஆட்டுக்கணக்கு. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்து இரண்டு தலைமுறை ஆனாலும் இந்தக் கணக்கு மறப்பதில்லை.

வேட்பாளர்களை வடிகட்டுவோம். மரமல்லி பூப்பதோடு சரி, நம் பக்கம் அபூர்வமாகவே காய்க்கும், தள்ளுபடி. சரக்கொன்றையின் காயும் பூவும் நாட்டு மருந்தில் சேர்ந்துவிட்டன. நாவலில் கொட்டையைக்கூடச் சர்க்கரைக்காரர்கள் விட்டுவைப்பதில்லை. எஞ்சி நிற்பது சிங்கப்பூர் செர்ரி ஒன்றே.

இதன் பூர்வீகம் மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரையிலான வெப்பநாடுகள். ஆபிரகாம் முன்டிங் என்ற டச்சுக்காரரின் பெயரைச் சுமந்து, முன்டிங்கியா கலபுரா என்று 1753-ல் லின்னேயஸின் ஏட்டில் ஏறியது. இலையைத் தொட்டால் மெத்தென்றிருக்கும், விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். காம்பருகே ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும், தையற்காரர் அளவெடுக்க மறந்ததுபோல் இருக்கும். மொட்டு இலைக்கு மேலே தலை நீட்டி, ஐந்து வெள்ளை இதழோடு விரிந்து, ஒரே நாளில் இதழை உதிர்த்துவிடும். பிறகு காம்பு மெல்ல வளைந்து இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பழம் அங்கே தொங்கியபடியே சிவக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குப் பூ, கீழே நிற்பவருக்குப் பழம் என்று இவ்வளவு ஒழுங்காக யாரும் பாகப்பிரிவினை செய்ததில்லை.

ஆய்வுக்களத்தைச் சுற்றி மர அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமான வேளாண்மைக் கல்லூரி லாலி ரோட்டில் இருக்கிறது. கௌலி பிரவுன் ரோட்டிலோ 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம். அதே வளாகத்தில் 1988-ல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம். இத்தனை பேருக்கு நடுவில், ஒருவரையும் கேட்காமல், காம்பவுண்டுச் சுவர் விரிசலிலும் சாக்கடை ஓரத்திலும் சிங்கப்பூர் செர்ரி முளைத்துக்கொண்டே இருக்கிறது.

நடுவது யார்? பழ வௌவால். அது மரத்திலேயே உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிடுவதில்லை. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மறைவுக்குப் போய், சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிடும். உள்ளே போன விதையும் அதன் வயிற்றில் நெடுநேரம் தங்காது. ஒரு பழத்தில் ஆயிரக்கணக்கில் பொடி விதைகள் இருப்பதால், போகும் வழியெல்லாம் நடவுதான். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சளாய் ஒழுகியிருக்கும் கறையைக் கண்டு பெயிண்டரைத் திட்டுவோர், அது அடுத்த மரத்துக்கான விண்ணப்பம் என்பதை உணர்வதில்லை. பகல் ஷிப்டுக்கு அணிலும் குயிலும் குக்குறுவானும் வரும். டிக்கெல் பூங்கொத்தி என்று 8 செ.மீ. நீளத்தில் ஒரு குருவி உண்டு. அது கத்துவதைக் கேட்டு, ஏதோ பூச்சி என்று நினைப்பவர்களே அதிகம். தன் தலையளவுப் பழத்தை இலைமறைவில் தொங்கியபடி அது பிதுக்கித் தின்பதைப் பார்க்க, பால்கனியில் காபி டம்ளரோடு அசையாமல் நின்றால் போதும்.

இனிப் பராமரிப்பு. தண்ணீர் ஊற்றுவதா என்பதில் குடும்பங்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு உண்டு. இங்கே குழாயில் வருவது சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர் எல்லோரும் சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தத் தண்ணீரை விற்காத பழத்துக்கு ஊற்றுவது பாவம் என்பது பெரியவர்கள் கட்சி. மரம் இந்தத் தகராறில் கலந்துகொள்வதில்லை. வேர் பிடித்த பிறகு யாரும் ஊற்றாமலே இரண்டாண்டுக்குள் காய்த்துவிடும். உரம், மருந்து எதற்கும் அது காத்திருப்பதில்லை. கவாத்து மட்டும் தவறாமல் நடக்கிறது, மின்கம்பியை உரசும் உயரத்தில். கட்டை மென்மையானது; ஆடிக்காற்றில் ஒரு கிளை தானாகவே முறிந்து மீதிக் கவாத்தைச் செய்துகொள்ளும்.

ஆக, பராமரிப்பு என்று இம்மரத்துக்கு உண்மையில் நடப்பது கூட்டுவதுதான். விடியற்காலையில் சீமாறு எடுத்து வருகிற அம்மாள்தான் இத்துறையின் முதன்மை வல்லுநர். வாசலில் நசுங்கிய பழத்தின் தித்திப்பில் எறும்பு எந்நேரம் சேரும், எந்த மாதத்தில் இரண்டு தடவை கூட்ட வேண்டும், தெளித்த பிறகு கோலத்தில் விழுந்த பழத்தைப் புள்ளியாகக் கொள்ளலாமா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவரை யாரும் ஆய்வேட்டில் சேர்ப்பதில்லை.

அடுத்தது கார். டி.பி. ரோட்டில் பலதள வாகன நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் தெருவில் மரத்தடி காலியாகக் கிடந்து பார்த்ததில்லை. பகலில் அங்கே நிறுத்தியவர் சீட்டு சுடவில்லை என்று மரத்தை வாழ்த்துவார். இரவும் விட்டுவைத்தவர் காலையில் கண்ணாடியைத் துடைத்தபடி அதே மரத்தை வெட்டச் சொல்லி மனு எழுதுவார். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதுண்டு. நிழலின் பரப்பும் கறையின் பரப்பும் சமம் என்பது இவ்வாய்வு நிறுவும் ஒரே தேற்றம். நிழல் மட்டும் விழுந்து பழம் விழாத இடம் வேண்டுமென்றால் தகரக் கூரைதான் போட வேண்டும். அதற்குப் பூ கிடையாது.

கள ஆய்வின் இறுதியில், காங்கேயத்துப் பக்கமிருந்து வந்த ஒறம்பரைப் பெரியவர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றாமலே அண்ணாந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இதுனால என்னங்க பிரயோசனம்?"

"ஒண்ணுமில்லீங் மாமா. சும்மா நெழலுக்குத்தான்."

அவர் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். இன்னொன்று போட்டார். பிறகு எட்டுகிற கிளையிலெல்லாம் பறித்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

"ஒரு நாத்து இருந்தாக் குடுங்க. வேலியோரம் வெச்சுப் பாக்கறேன்."

"இதுக்கெதுக்குங் மாமா நாத்து? ஊட்டுக்குப் போயி, சுவத்துல வௌவால் எங்க கறை வெச்சிருக்குதோ, அதுக்குக் கீழ பாருங்க. எந்திரிச்சிருக்கும்."