குழித்தறியும் கடப்பாரை நீச்சலும்: ஆரணி நடுவயதினர் குறித்த ஓர் ஆய்வு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1571-ல் மாணவர்கள் நீந்தத் தடை போட்டது. அங்கே படித்த எவரார்டு டிக்பியே 1587-ல் நீந்துவது எப்படியென்று லத்தீனில் படம் போட்டுப் புத்தகம் வெளியிட்டார். ஆரணிப் பக்கத்தில் தடைக்கும் புத்தகத்துக்கும் தேவை எழவில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளுவதே பாடத்திட்டம்; கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் தாய்மாமனே பேராசிரியர். சின்ன வயதில் தள்ளப்படாமல் தப்பியவருக்கு ஆயுசுக்கும் கடப்பாரை நீச்சல்தான். இவ்வாய்வு அவரைப் பற்றியது.

நம் கருதுகோள்: நாற்பதைத் தாண்டியவர்களில் ஃப்ரீஸ்டைல் கற்க மிகத் தகுதியானவர் குழித்தறியில் நெய்யும் பட்டு நெசவாளரே. குழிக்குள் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்ட, மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. முகம் குனிந்து, பார்வை பாவின்மேல். பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கத்துவது இவற்றுக்காகத்தானே?

ஆனால் தண்ணீரில் இறங்கியதும் இவர் தலையைத் தூக்கிவிடுகிறார். நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் மனித உடம்பு தண்ணீரைவிடச் சற்றே லேசு. சும்மா கிடந்தாலே மிதக்கும். தலை மேலே போனால் இடுப்பு இறங்கும், கால்கள் தரையைத் தேடும். போதாக்குறைக்கு மூச்சை வேறு அடக்கிக்கொள்கிறார். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட வேண்டும். உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் திரும்பும்போது இழுக்க மட்டுமே நேரம் உண்டு. அந்த நொடியில் விடுவதா இழுப்பதா என்று குழம்புகிறவர் குடிக்கிறார். முழங்காலை மடக்கி உதைப்பது அடுத்த பிழை. உதை இடுப்பிலிருந்து வரவேண்டும்.

தலையை ஏன் தூக்குகிறார்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கூலி வந்ததா என்று நிமிர்ந்து பார்த்த பல வருடப் பழக்கம் என்பது நம் துணிபு. மறுப்போர் தறியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுக்கலாம்.

1994-ல் பாக் நீரிணையைக் கடந்த குற்றாலீஸ்வரனுக்கு வயது 12; நமக்குப் பயன்பட மாட்டார். மிகிர் சென் பயன்படுவார். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில்தான் ஃப்ரீஸ்டைலை முறையாகப் பழகினார். 1958-ல் ஆங்கிலக் கால்வாய். 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடம்.

இனி, பழகுவது எங்கே? ஜவ்வாது மலையிலிருந்து வரும் கமண்டல நாகநதியில் வருடத்தின் பெரும்பகுதி மணலில்தான் நீந்த வேண்டும். அடைமழைக் காலத்தில் தெருவில் பாவு போட முடியாது. நெசவாளருக்கு ஓய்வோ ஓய்வு. அதே சமயம் தறிக்குழியில் நீர் ஊறி நிற்கும். ஓய்வும் தண்ணீரும் ஒரே கூரையின்கீழ் வாய்க்கும் அரிய இடம்! ஒலிம்பிக் குளம் 50 மீட்டர்; இதில் காலை நீட்டவே இடமில்லை என்பது மட்டுமே குறை.

நகராட்சிக்கும் கைத்தறித் துறைக்கும் நம் பரிந்துரை ஒன்றுதான்: முதலில் தறிக்குழிக்குள் தண்ணீர் வராமல் செய்யுங்கள். நீச்சலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.