கல்லில் ஒரு ரசீது

சென்னை பி.ஆர். அண்ட் சன்ஸ் 1849இலேயே நகையும் கடிகாரமும் விற்கத் தொடங்கியதாமே! தஞ்சாவூர்க்காரர்களிடம் அவ்வளவு பழைய நகைக்கடை உண்டா?

கடை இல்லை, ரசீது இருக்கிறது! ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது, பெரிய கோயில் கல்லில். ராஜராஜன் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குப் பெயர் ‘ஆடவல்லான்’; நகையை நிறுத்த கல்லுக்குப் பெயர் ‘தட்சிணமேரு விடங்கன்’. எடைக்கல்லுக்கே சாமி பெயர் வைத்துவிட்டால் தராசில் யார் விரல் வைப்பார்? முத்தை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று தரம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். எடையில் சரடும் அரக்கும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுகிறார்கள். இதையெல்லாம்விட, கற்களில் பொத்தலும் வெள்ளைப் புள்ளியும் இருந்ததுகூடப் பதிவாகியிருக்கிறது. கொடுத்தவர் சக்கரவர்த்தி, வாங்கியவர் ஈசன். கணக்கர் யாருக்கும் பயப்படவில்லை. உங்கள் பில்லில் கல்லின் குறையை எழுதிக் கொடுத்த கடை எது?

‘அது கோயில் சொத்துப் பட்டியல், வியாபாரமா?’ என்று மடக்குவீர்கள். பட்டியல்தான். ஆனால் நகைகளுக்குக் காசுக் கணக்கில் விலையும் போட்டிருக்கிறது. மதிப்புப் போடத் தெரிந்த கண்ணும், கல் இழைக்கத் தெரிந்த தட்டானும், வாங்கி விற்கும் சந்தையும் இல்லாமல் விலை எங்கிருந்து வரும்? பெயர்ப்பலகை மட்டும்தான் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் சென்னைக்கு ஒரு பாயின்ட் விட்டுக்கொடுக்கிறேன்: 1947இல் நேருவுக்குச் செங்கோல் செய்ய, அன்றைய தஞ்சை ஜில்லாவிலிருந்த திருவாவடுதுறை ஆதீனம் ஆர்டர் கொடுத்தது சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடைக்குத்தான்.