ரெண்டு பக்கமும் மாப்பிள்ளை

வாங்க மாப்ள. ஜெனரேட்டர் வாங்கியிருக்கீங்களாமே, சத்தம் வேதாரண்யம் வரைக்கும் கேக்குதுன்னாங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப, டேங்கு ரொப்ப வாடகை ஜெனரேட்டர் எப்ப வரும்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தவங்க நாங்க. நீங்க விவரமான ஆளு.

அதென்ன கையில? ஒயருக்கு ரெண்டு முனையிலயும் பிளக்கா! ஒண்ணை ஜெனரேட்டர்ல சொருகி, இன்னொண்ணை ஹால்ல சொருகினா வீடே எரியும்னு எந்த மகான் சொன்னாரு? ரெண்டு பக்கமும் மாப்பிள்ளையா நின்னா தாலியை யாருக்குக் கட்டுறது? மெயினை நிறுத்த மறந்தீங்களோ, உங்க 230 வோல்ட்டு தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள்ள பின்வாசலா நுழையும். 11,000த்தை இறக்குற சாமான் அது. திருப்பி விட்டா ஏத்தவும் செய்யும். கரண்டு இல்லைன்னு நம்பிக் கம்பத்துல ஏறின லைன்மேனுக்கு என்ன தெரியும்? சேஞ்ச் ஓவர் சுவிட்சு போடுங்க. பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேத்து மாத்துறதா இருக்கணும். காசு மிச்சம்னு பேஸை மட்டும் மாத்துறதை வாங்கிட்டு வந்து நிப்பீங்க, எனக்குத் தெரியாதா உங்களை.

டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் மினுக்குதுன்னு அரண்டுட்டீங்களாம். அது ரெண்டு பேஸ் இல்ல. சின்ன ஜெனரேட்டர் பலதுல நியூட்ரல் கட்டாத மாடு, எர்த்தோட ஒட்டாமத் திரியும். நியூட்ரல்ங்கிறது கரண்டு வேலை முடிஞ்சு வீடு திரும்புற வழி. எர்த்து கொல்லைப்பக்க வழி, வம்பு வந்தா மட்டும் ஓடுறதுக்கு. ஜெனரேட்டர்ல ரெண்டும் சேரலைன்னா கொல்லை வழி முட்டுச்சந்துதான். வாஷிங் மெஷின் பாடியில கசிஞ்சாலும், 30 மில்லிஆம்பியருக்கே விழ வேண்டிய ஆர்.சி.சி.பி. பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கும். டெஸ்ட் பட்டனை அமுக்கி, ‘விழுது மாமா’ன்னு குதிச்சீங்களே, அந்தப் பட்டனுக்கு எர்த்தே வேணாம், பேஸும் நியூட்ரலும் இருந்தாப் போதும்.

ஒயர்மேனைக் கூப்பிட்டு ஜெனரேட்டர் பாடிக்கு எர்த்து குடுத்து, அங்கேயே நியூட்ரலையும் அதோட சேக்கச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் மாடல்னா கூட வந்த புத்தகத்தைப் பாத்துட்டு. ஆனா முடிச்சு ஒரே எடத்துலதான். வீட்டு போர்டுலயும் இன்னொண்ணு போட்டா, திரும்புற கரண்டுல கொஞ்சம் எர்த்து வழியா நழுவி, ஆர்.சி.சி.பி. காரணமில்லாம விழுந்துக்கிட்டே இருக்கும்.

எர்த்துக் குழாயா? கரியும் உப்பும் கொட்டி நாந்தான் பொதச்சேன், கிணத்தடியில இருக்கு. வெயில் காலத்துல ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். உங்க அத்தை அதுல கொடி கட்டியிருக்கா. காயுறது உங்க வேட்டிதான், மொதல்ல அதை எடுங்க.