பதினாறும் பெற்ற மக்காச்சோளம்

முல்லைக்கொடி ஒன்று தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலைச் சுற்றிக்கொண்டு, மேலே ஓரடியும் நகரவொட்டாமல் நிறுத்திவிட்டது என்று தலபுராணம் சொல்லுகிற திருமுல்லைவாயிலில் குடியிருந்துகொண்டு, கேவலம் ஓர் அணிலைக்கூடத் தடுத்து நிறுத்தும் சாமர்த்தியமில்லாத செடிகளை வளர்த்தவன் என்ற அபகீர்த்தி எனக்கு வந்து சேர்ந்ததற்கு மூலகாரணம், அம்பத்தூர் ஓ.டி. அருகே தள்ளுவண்டியில் கரி நெருப்பில் வாட்டி, எலுமிச்சம்பழ மூடியால் உப்பும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து என் கையில் கொடுக்கப்பட்ட ஒரு மக்காச்சோளக் கதிரேயாகும். விலை 40 ரூபாய். கொல்லைப்புறத்தில் கால் கிரவுண்டு நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு ஒரு கதிருக்கு 40 ரூபாய் அழுவதா என்ற விசாரம், கதிரைத் தின்று முடிப்பதற்குள் ஒரு விரதமாகவே முற்றிவிட்டது.

1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஒரு சிறு பட்டறையின் ஆய்வுப் பிரிவில், மைக்ரோமீட்டரும் கையுமாக 30 வருஷம் பிறர் செய்த சாமான்களில் குற்றம் கண்டுபிடித்தே ஜீவனம் நடத்தியவன் நான். ஆகையால் நூல் பிடித்து, மதிலோரமாக, ஒற்றை வரிசையில், இம்மியும் பிசகாமல் 12 குழிகள் எடுத்தேன். கொல்லையில் மண் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தது மண்வெட்டியை ஓங்கிய அன்றே பொய்த்துப்போயிற்று. மேஸ்திரி விட்டுச்சென்ற அரைச் செங்கற்களும், காரைக் கட்டிகளும், ஒற்றைச் செருப்பு ஒன்றும் வெளிப்பட்ட பிறகுதான் மண் என்று சொல்லத்தக்க வஸ்து தரிசனம் தந்தது. மக்காச்சோளமோ கும்பகர்ணன் வம்சத்துப் பயிர். தழைச்சத்தை எவ்வளவு போட்டாலும் இன்னும் கொண்டா என்று கேட்கும். இரண்டு மூட்டைத் தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் வாங்கிக் கொட்டி, மருந்து பூசிய ரோஜா நிறத்தோடு கிழவியின் கன்னம்போல் சுருங்கிக் கிடந்த விதைகளை மாசி மாதத்தில் ஊன்றினேன்.

செடிகள் ஆளுயரம் வளர்ந்து, ஆவடி மைதானத்துச் சிப்பாய்களைப்போல் அணிவகுத்து நின்றன. சித்திரை வெயிலில் பூத்து, கதிரும் விட்டன. முதற் கதிரை ஒடித்து, குடும்பம் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு, தோலை உரித்துப் பார்த்தால், இங்கே ஒரு பல், அங்கே இரண்டு பல்லாகப் பொக்கை வாயைத் திறந்து அது என்னைப் பார்த்துச் சிரித்தது. பன்னிரண்டும் அப்படியே. 30 வருஷம் மற்றவர் சாமான்களை ‘ரிஜெக்ட்’ செய்த பாவம், கொல்லைவாசல் வழியாக வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

திருவள்ளூர்ப் பக்கம் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த என் மனைவியின் தம்பி வந்து பார்த்தான். “என்ன மாமா, சோளத்தைக் கொண்டுபோய் ரேஷன் கடை கியூ மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க? அது கூட்டத்தோட இருக்கிற பயிர் மாமா. நாலு வரிசை, வரிசைக்கு நாலு செடின்னு கட்டமா வையுங்க” என்றான்.

விஷயம் என்னவென்றால், உச்சியில் பூக்கும் குஞ்சம் ஆண். இடுப்பில் தோன்றும் இளங்கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்கள் பெண். ஒவ்வொரு நூலும் உள்ளே ஒவ்வொரு மணியின் கருவோடு இணைந்தது. எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ அந்த மணி பிறப்பதில்லை. வண்டையும் தேனீயையும் நம்பிப் பிழைக்கும் வழக்கம் இந்தக் குலத்தில் கிடையாது, காற்றுதான் புரோகிதர். ஒற்றை வரிசையில் நின்ற என் செடிகளின் மகரந்தம் பாதி வெயிலில் கருகிப்போக, மீதி அடுத்த வீட்டுக் காரின் கண்ணாடிமேல் அட்சதையாக விழுந்துவிட்டிருந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தேன். வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒரு சாணுக்குச் சற்று அதிகம், மொத்தம் 16. “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும்” என்று மனைவி தண்ணீர் ஊற்றினாள். ஆசீர்வாதத்தை முதலில் சோதித்தது, 2018-இல் இந்தியாவுக்குள் புகுந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையெல்லாம் துவம்சம் செய்த படைப்புழு. குருத்துக்குள் ஈர மரத்தூள்போல் எச்சம் தெரிந்தால் உள்ளே அது குடியேறிவிட்டது என்று அர்த்தம். விடியற்காலையில் மூக்குக்கண்ணாடியோடு ஒவ்வொரு குருத்தாக விரித்துப் பொறுக்கி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து அதை ஒருவாறு அடக்கினேன். பிறகு குஞ்சம் பூத்ததும், காலை 9 மணிக்கு ஒரு குஞ்சத்தை உடைத்து, ஒவ்வொரு கதிரின் நூலின்மேலும் உதறிக்கொண்டு நின்றேன். “என்ன சார், செடிக்குக் கல்யாணமா?” என்று எதிர்வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாக விசாரித்தாள். “ஆமாம்மா, போன தடவை காந்தர்வ விவாகத்துக்கு விட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை” என்றேன்.

கதிர்கள் நிறைந்தன. ஒன்றை எடுத்து எண்ணினேன்: 14 வரிசை. மக்காச்சோளத்தின் பூக்கள் ஜோடி ஜோடியாகவே தோன்றுவதால் மணி வரிசை இரட்டைப்படையில்தான் அமையும். என் உத்தியோக வாழ்வில் இவ்வளவு ஒழுங்கான சாமானைக் கண்டதில்லை. ஆனால் 1955 ஜனவரியில் எங்களுக்குப் பக்கத்து ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, யு. என். தேபர் தலைமையில், சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே லட்சியம் என்று நிறைவேற்றிய தீர்மானத்தை, மனிதர்கள் மறந்தாலும் இந்த வட்டாரத்து அணில்கள் மறக்கவில்லை. என் பழைய ஆபீஸ் சட்டையை மாட்டிய பொம்மையின் தோளில் உட்கார்ந்துகொண்டே மைனாக்கள் பங்கீட்டை மேற்பார்வை பார்த்தன. அணிலுக்கு 5, கிளிக்கு 4, அக்கம்பக்கத்துக்கு 3, மைத்துனனுக்கு 1, எங்களுக்கு 3. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் தம் நந்தவனத்து மலரையெல்லாம் காஞ்சி வரதராஜனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அண்டை ஊர்க்காரனாகிய நான் 13 கதிரைத் தானம் செய்ததில் குறையொன்றுமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நீங்களும் வைப்பதானால் கட்டமாக வையுங்கள். 16-க்குக் குறைய வேண்டாம். நூல் கறுத்து, நகத்தால் கீறினால் மணி பால் விடும்போது ஒடியுங்கள். ஒடித்த நிமிஷத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடுவதால், அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பிறகு கொல்லைக்குப் போங்கள். அந்த ருசி எந்த வண்டியிலும் கிடைக்காது. இரண்டாம் பட்டத்துச் செலவு மட்டும் 1,140 ரூபாய். எங்கள் வாய்க்கு வந்த 3 கதிருக்கு வகுத்தால் ஒன்று 380 ரூபாய். இப்போதெல்லாம் ஓ.டி. பக்கம் போனால், தள்ளுவண்டிக்காரர் கேட்கிற 40 ரூபாயை வாயைத் திறக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.